ஹெப்சிக்குக் கொடுத்த ஆட்கள்

ஜனவரி 5, திங்கள்

என் கணவர் கடைக்கு மோட்டார் பம்பு கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் ஒரு டைரி கொடுப்பார்கள். வீட்டில் யாரும் எழுதுவதில்லை. பழைய டைரிகளில் எல்லாம் மகள் தன்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூவும் யானையும் வரைந்து வைத்திருக்கிறாள். இந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். மனதில் இருப்பதை எழுதிவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்று எதிலோ படித்தேன்.

இன்று ஆபீஸில் அறிவிப்பு வந்தது. டென்மார்க் ப்ராஜெக்டுக்கு மேனேஜர் ஹெப்சிபா. எங்கள் சரவணம்பட்டி ஆபீஸுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. அந்த ஊரில் வயதானவர்களின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் ஒரு நிறுவனம். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று திட்டமிடும் மென்பொருளை நாங்கள் செய்து தர வேண்டும். மேனேஜர் பதவிக்கு இரண்டு பெயர்கள் பேச்சில் இருந்தன. மற்றது என்னுடையது.

எனக்கு மகிழ்ச்சிதான். ஹெப்சியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பீளமேட்டு விடுதியில் ஒரே அறை. என் கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிவிட்டது அவள்தான். யாரோ ஒருத்திக்குப் போவதற்கு அவளுக்குப் போனதே நல்லது.

ஆபீஸ் தலைவர் பத்ரி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோகிலவாணி, உங்களை அங்க அனுப்பிட்டா ரிசோர்ஸ் டெஸ்க்கை யார் பாக்கறது? யாருக்கு என்ன வேலை தெரியும், யார் எப்ப ஃப்ரீ ஆவாங்கன்னு உங்களுக்குத்தானே மனப்பாடம்?" என்றார். பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னார். ரிசோர்ஸ் டெஸ்க் என்பது ஆள் பங்கிடும் இடம். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் யார் யார், முழு நேரமா அரை நேரமா, எந்த மாதம் வரை என்று நான்தான் திட்டம் போடுகிறேன். ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்களை பெஞ்சில் இருப்பவர்கள் என்போம். அவர்களும் என் பொறுப்பு.

அறிவிப்பு வந்த உடனே ஹெப்சி என் இடத்துக்கு ஓடி வந்தாள். மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருடம் கோயமுத்தூரில் இருந்தும் அவளுக்குத் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

"ஏட்டி கோகி, எனக்கு நல்ல ஆளா குடுக்கணும் பாத்துக்க. உன்னைய நம்பித்தான் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"கேக்கறதைக் கேளு. இருந்தாக் குடுக்கறேன்."

"இருந்தாவா? பத்ரி சாருக்குத்தான் நீ அப்படிச் சொல்லுவே. எனக்குமா?"

சிரித்தேன். மதியம் வெளியே போய் அவளுக்குப் பிடித்த மைசூர்பாகு வாங்கி வந்தேன். கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தன்யா சாப்பிட்டாள்.

ஜனவரி 7, புதன்

ஹெப்சியின் ஆள் தேவைப் பட்டியல் வந்தது. புரோகிராம் எழுத, திரை வடிவமைக்க, சோதனை செய்ய என்று பிரித்துக் கேட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் எத்தனை பேர் என்றுதான் போட்டிருந்தாள், ஓர் இடத்தில் மட்டும் பெயரே இருந்தது. சோதனைக் குழுவுக்கு யாமினி.

யாமினி எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கும்பகோணத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. யாரும் பார்க்காத மூலையில் பிழை கண்டுபிடிப்பாள். ஆனால் அவளைவிட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

"ஏன், யாமினிதான் வேணுமா?" என்று போனில் கேட்டேன்.

"அவ எங்கூட இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும் கோகி."

சரி என்று போட்டுவிட்டேன். தைரியத்துக்கு ஆள் கேட்கும் மேனேஜரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மதியம் மீட்டிங் இருந்ததால் என் மேஜையிலேயே சாப்பிட்டேன். மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டது. கேன்டீன் வாசல் வரை போனேன். ஜன்னலோரத்து மேஜையில் ஹெப்சியும் யாமினியும் இருந்தார்கள். எதிரெதிராக இல்லை, பக்கத்தில் பக்கத்தில். யாமினி ஏதோ சொல்ல, ஹெப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டப்பாவில் இருந்தது கருவாட்டுத் தொக்கு. வாசலுக்கே வாசம் வந்தது.

ஹெப்சியின் அம்மா நாசரேத்தில் இருந்து அனுப்பும் தொக்கு அது. வந்ததும் ஒரு பாட்டில் எனக்கு வரும். இந்த முறை வரவில்லை. குறைவாக அனுப்பியிருப்பார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசலில் தன்யா பெரிய கோலம் போட்டாள். ஹெப்சியிடம் இருந்து வாழ்த்துப் படம் வந்தது, எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி.

ஜனவரி 22, வியாழன்

டென்மார்க் குழுவின் அறைக்குப் போனேன். திட்டப்படி எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பது என் வேலைதான்.

வந்திருந்தார்கள். சுவர்ப் பலகையில் கலர் கலராகத் துண்டுத் தாள்கள். டென்மார்க்காரர்கள் விதித்த நிபந்தனைகளில் ஒன்றை ஹெப்சி பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்: ஒரு முதியவர் வீட்டுக்குக் கூடிய மட்டும் அதே நர்ஸ்தான் போக வேண்டும். முகம் மாறினால் அவர்கள் கதவைத் திறப்பதில்லையாம்.

"இந்த ஒரு கண்டிசன்தான் உயிரை எடுக்குது. நர்சுக்கு லீவு வேணும்லா? அப்ப யாரை அனுப்ப?" என்றாள் ஹெப்சி.

நான் ஒரு வழி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் யாமினி, "மேடம், ரெண்டாவது நர்ஸ் ஒருத்தங்களை முன்னாடியே ஒருதடவை கூட்டிட்டுப் போய் அறிமுகம் பண்ணி வெச்சுட்டா? சிஸ்டமே அதைத் திட்டத்துல போட்டுடட்டும்," என்றாள்.

"பாத்தியா கோகி, எப்படிச் சொல்லுதா!" ஹெப்சியின் முகம் பூரித்துப் போனது. நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மூன்று மணி ஆனதும் ஹெப்சி யாமினியைப் பார்த்தாள். இருவரும் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார்கள். "டெய்லி இந்த நேரத்துக்குப் போவாங்க மேடம். டீ சாப்பிடத்தான் போல," என்றான் குழுவில் ஒரு பையன். டீக்கு இவ்வளவு நேரமா? நான் அங்கே உட்கார்ந்திருந்தவரை திரும்பி வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

கேன்டீன் பிரிட்ஜில் தயிர் வைக்கப் போனேன். பின்தட்டில் ஒரு சின்ன நீலப் பை. குளிர் தாங்குகிற பை. மேலே மார்க்கரில் ஹெப்சிபா என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் முத்திரை.

அந்த முத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தைக்காக ஹெப்சி வைத்தியம் பார்த்த காலம் முழுவதும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான். தினம் ஊசி போட்டுவிட்டதும், போட்ட இடம் கன்றிப் போனால் ஐஸ் ஒத்தடம் கொடுத்ததும் நான்தான். கடைசி முறையும் நிற்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணனால் வண்டி ஓட்ட முடியவில்லை. நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் அவள் சத்தமே இல்லாமல் அழுதாள். "இனி வேண்டாம்ட்டி" என்று என்னிடம்தான் சொன்னாள்.

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். நாற்பது தாண்டி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நேற்று வந்த யாமினிக்குத் தெரிகிறது. தினம் மூன்று மணிக்குக் கூடப் போகிறாள்.

தயிரை வைக்காமல் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. பரணைச் சுத்தம் செய்தேன். எனக்குக் குழந்தை இருக்கிறது என்பதால் சொல்லாமல் இருப்பாளோ என்று ஒரு யோசனை. தன்யா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது ஹெப்சிதான். அப்போது இல்லாத கூச்சம் இப்போது ஏன்? மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம் பரணில் கிடைத்தது.

பிப்ரவரி 2, திங்கள்

புனேயில் இருந்து அவசரமாக ஆள் கேட்டிருக்கிறார்கள். அங்கே எங்கள் இன்சூரன்ஸ் ப்ராஜெக்டில் சோதனைக் குழுத் தலைவர் வேலையை விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் வேறு ஒருவர் போய்ச் சேர வேண்டும்.

பொருத்தமானவர்கள் இருவர். ஒருவர் நந்தகோபால். பெஞ்சில் இருக்கிறார். மனைவிக்குப் புனேயில் வேலை. தன்னை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் யாமினி.

பெஞ்சில் இருப்பவருக்கே முதல் வாய்ப்பு என்பது நான் போட்ட விதிதான். ஆனால் எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. நந்தகோபாலுக்கு இன்சூரன்ஸ் பழக்கமில்லை. யாமினி முந்தைய கம்பெனியில் இன்சூரன்ஸ் வேலை பார்த்தவள். புனேக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள், வேகமாகப் பிடித்துக்கொள்கிற ஆள் வேண்டும். தவிர டென்மார்க் வேலையில் இப்போது சோதனைக்கு அதிகம் இல்லை. மே மாதம்தான் முதல் கட்டம் ஒப்படைக்க வேண்டும். கம்பெனி என்று பார்த்தால் யாமினியை அனுப்புவதே சரி.

யார் கேட்டாலும் இதை விளக்க முடியும். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

யாமினி பெயரை அனுப்பினேன். பத்ரி சார் காரணம் கேட்கவே இல்லை. "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மதியம் நன்றாகப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேன்டீனில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

யாமினி வந்தாள். முகம் லேசாக வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், புனேக்கு நான் போறேன். போக மாட்டேன்னு சொல்ல வரல. ஒரு மாசம் மட்டும் தள்ளிப் போட முடியுமா?"

"ஏன்?"

"சொந்தக் காரணம் மேடம்."

"சொந்தக் காரணம் எல்லாருக்குந்தான் இருக்குதும்மா. நான் கேட்டு எழுதினாத்தானே மேல சொல்ல முடியும்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பெரிய காரணமாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எதிர்பார்த்த மாதிரியே ஹெப்சி வந்தாள். மேஜை மேல் ஏறி உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோகி, யாமினியை இப்ப அனுப்பாத. மார்ச்ல எங்க வேணா அனுப்பு. நானே விடுதேன்."

"புனேல அதுவரைக்கும் யாரு பாக்கறது?"

"வேற ஆளு இல்லியா?"

"இல்ல." இதை எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"காரணம் என்னன்னு சொல்லு ஹெப்சி. நான் பத்ரி சார்கிட்டப் பேசறேன்."

அவள் என்னையே பார்த்தாள். "சொல்ல முடியாதுட்டி. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். என்னைய நம்பித் தாயேன். இத்தன வருசத்துல உன்கிட்ட நான் இப்படிக் கேட்டிருக்கேனா?"

வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். அவள் வைத்தியத்துக்கு அந்தப் பெண்ணிடம் என்ன வாக்கு? எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு என் முன்னாலேயே இப்படிப் பேசுகிறாள். என் காது சூடாகிவிட்டது.

"உனக்கொரு நியாயம், மத்தவங்களுக்கொரு நியாயம்னு நான் செய்ய முடியாது. நாளைக்கு எல்லாரும் காரணம் சொல்லாம வந்து நிப்பாங்க," என்றேன்.

ஹெப்சி எழுந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 9, திங்கள்

யாமினி புனே போய்ச் சேர்ந்தாள். மூன்று மணிக்கு டென்மார்க் அறை வழியாகப் போனேன். ஹெப்சி தன் இடத்திலேயே இருந்தாள். எழுந்து போகவில்லை. அப்படியானால் ஊசி யார் போடுகிறார்கள்?

பிப்ரவரி 12, வியாழன்

மதியம் சேர்ந்து சாப்பிடலாமா என்று ஹெப்சியைக் கேட்டேன். தலைவலி என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

நீலப் பை இன்னும் பிரிட்ஜிலேயே இருக்கிறது. அதே இடத்தில். யாரும் தொடவில்லை. அதைப் பார்க்கத்தான் தினமும் தயிர் கொண்டுபோகிறேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் கீழே வரவேற்பில் இருந்து போன். ஹெப்சிபா மேடத்தைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், மேடம் டென்மார்க்காரர்களோடு கால் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வேறு யாரிடம் அனுப்ப என்று கேட்டார்கள். நான் போனேன். நாகரிகமான இளைஞன். கையில் ஹெல்மெட்.

"பேரு கார்முகிலன் மேடம். யாமினியோட ஹஸ்பண்ட். இங்க பிரிட்ஜ்ல ஒரு பை இருக்கும், ப்ளூ கலர். அதை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதுல ஹெப்சிபான்னுதானே எழுதியிருக்குது?"

"ஆமா மேடம். யாமினி பேரை எழுத வேணாம்னு ஹெப்சிபா மேடம்தான் அவங்க பேரைப் போட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இனிமே மறைச்சு என்ன, விடுங்க. குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டிருந்தா. அந்த ஊசிதான். முன்னாடி இருந்த ஆபீஸ்ல விஷயத்தைச் சொன்னதும், இவ எப்படியும் லீவுல போயிருவான்னு நல்ல வேலை எதுவும் குடுக்காம ஒதுக்கிட்டாங்க. அதனால இங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தா. கேன்டீன்ல ஒருநாள் தனியா அழுதுட்டு இருந்தப்ப ஹெப்சிபா மேடம்தான் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்களும் இதெல்லாம் பட்டவங்களாம். தினம் அவங்களே ஊசி போட்டு விட்டாங்க."

"இப்ப?"

"இந்தத் தடவை விட்டுப் போச்சு மேடம். நடுவுல போக வேண்டியதாயிடுச்சுல்ல. ஸ்கேன் எல்லாம் இங்கதான் பாக்கணும். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

நான் மேலே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தேன். மிகவும் லேசாக இருந்தது.

"நீங்க கோகிலவாணி மேடமா?" என்று போகும்போது கேட்டான். "யாமினி சொல்லியிருக்கா. நீங்க ரொம்ப நேர்மையா இருப்பீங்களாம், ஃப்ரண்டா இருந்தாலும் சலுகை காட்ட மாட்டீங்களாம். கஷ்டமா இருந்தாலும் அது நியாயந்தான்னு சொன்னா."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

"என்ன கோகிலா, ஹெப்சி இந்தப் பக்கமே காணோமே. சண்டையா?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லீங்க மாமா, அவளுக்கு வேலை ஜாஸ்தி."

"உன்ற மூஞ்சி அப்படிச் சொல்லலையே," என்றவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கடையில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையிலேயே பத்ரி சாரிடம் போனேன். யாமினியைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், நந்தகோபாலை அனுப்ப வேண்டும் என்றேன்.

"என்ன கோகிலவாணி, போய் ரெண்டு வாரந்தானே ஆச்சு? புனேல அந்தப் பொண்ணை எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. இப்ப மாத்தினா என்னைக் கடிச்சுக் குதறுவாங்க. ஏன் மாத்தணும்?"

"முதல்லயே நந்தகோபாலைத்தான் அனுப்பியிருக்கணும் சார்."

"அப்ப ஏன் அனுப்பல?"

சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த விளக்கம் எல்லாம் வாய் வரை வந்தது. யாமினியின் வைத்தியத்தைச் சொன்னால் அவரே மனமிரங்கி மாற்றியிருப்பார். ஆனால் அது அவளுடைய விஷயம். சொல்ல எனக்கு உரிமையில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"டென்மார்க் ப்ராஜெக்டை ஹெப்சிபாகிட்டக் குடுத்தது எனக்குப் பொறுக்கல சார். அவ கேட்ட ஆளை அவகிட்ட இருந்து எடுக்கணும்னு எடுத்தேன். யாமினிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அது முழு உண்மையில்லை. முழு உண்மையை அவரிடம் எப்படிச் சொல்வது? பதவிகூடப் பெரிதாகத் தெரியவில்லை சார், அந்தக் கருவாட்டுத் தொக்கு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை என்றா?

பத்ரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார். "இனிமே நீங்க போடற ஒவ்வொரு பேரையும் நான் ரெண்டு தடவை யோசிச்சுப் பாப்பேனே."

"தெரியும் சார்."

பிப்ரவரி 25, புதன்

ஹெப்சியின் அறைக்குப் போனேன். மற்றவர்கள் டீக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"ஹெப்சி, எனக்குத் தெரியாதுடி. அந்தப் பை உன்னோடதுன்னு நினைச்சேன். நீ மறுபடியும் ஆரம்பிச்சுட்டு எங்கிட்ட மறைச்சுட்டேன்னு..."

"நந்தகோபால் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரொம்ப நாளாவே புனே புனேன்னு உங்ககிட்டக் கேட்டுட்டு இருந்தாராமே. வேற ஆளு இல்லைன்னு சொன்னீங்க."

சொன்னீங்க. எனக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அவ வயித்துல ஊசி குத்தும்போது எனக்குக் கை நடுங்கும். கோகி இருந்தா நல்லாப் போடுவாளேன்னு நினைப்பேன். ஒருநா யாமினிகிட்டச் சொல்லியும் பாத்தேன், அவட்ட மட்டும் சொல்லட்டுமான்னு. ஆள் பங்கிடுதவங்ககிட்டயா, வேண்டாம் மேடம்னு அவ பயந்தா. கோகி அப்படிப்பட்டவ இல்லன்னு நான் சொன்னேன்."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கால் இருக்கு. நீங்க போங்க."

மார்ச் 6, வெள்ளி

நந்தகோபால் புனே போகிறார். இனிப்புப் பெட்டியோடு வந்து நன்றி சொன்னார். எதற்கு என்று அவருக்கும் சரியாகத் தெரியாது.

பத்ரி சார் சொன்னபடி ரிசோர்ஸ் டெஸ்க்கைச் சேலத்து ஆள் ஒருவரிடம் ஒப்படைத்தேன். குமரகுரு என்று பெயர். சாதுவானவர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திட்டத்தில் பெஞ்ச் என்ற தலைப்புக்குக் கீழே என் பெயரை அவரே தட்டச்சு செய்தார். எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்திக் கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

யாமினி திரும்பி வந்துவிட்டாள். லிப்டில் பார்த்தேன். "தேங்க்ஸ் மேடம், நீங்கதான் பேசித் திரும்பக் கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்க" என்றாள். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வாயெடுத்தேன். இடையில் இரண்டு பேர் ஏறினார்கள்.

மார்ச் 11, புதன்

யாமினியைத் தேடிப் போய்ச் சொன்னேன். படிக்கட்டில் வைத்து, முழுவதையும். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நான் என்ன மேடம் பண்ணேன் உங்களை?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

மார்ச் 19, வியாழன்

பெஞ்சில் இருப்பவர்கள் ஆன்லைன் வகுப்புகள் பார்க்க வேண்டும். இன்று 'குழுவில் நம்பிக்கை வளர்ப்பது எப்படி' என்று ஒன்று. பாதியில் மூடிவிட்டேன். தன்யாவுக்கு பப்ளிக் பரீட்சை நடக்கிறது. காலையில் எழுப்பி டீ போட்டுக் கொடுக்க எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

மார்ச் 25, புதன்

குமரகுரு கூப்பிட்டார். டென்மார்க் வேலை பின்தங்கிவிட்டதாம். யாமினி இல்லாத மாதத்தில் சோதனைகள் தேங்கிவிட்டன, வேலையைப் பிரித்துத் திட்டம் போடவும் சோதனை செய்யவும் ஒருவர் வேண்டும் என்று ஹெப்சிபா கேட்டிருக்கிறார். "பெஞ்சுல இதுக்குத் தகுந்தவங்க நீங்க ஒருத்தர்தான் மேடம். பேரை அனுப்பட்டுங்களா?"

தேங்கியதற்குக் காரணம் யார் என்று அவருக்குத் தெரியாது. அனுப்புங்கள் என்றேன். ஹெப்சி வேண்டாம் என்று எழுதிவிடுவாள் என்று நினைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஹெப்சி என்னைத் தன் அறைக்கு அழைத்தாள். யாமினியும் இருந்தாள்.

"எனக்கு ஆளு வேணும். உங்களுக்கு வேலை தெரியும். அதனால எடுத்துக்கிடுதேன்," என்றாள் ஹெப்சி. "யாமினிகிட்டக் கேட்டேன். அவளுக்குச் சம்மதம். நீங்க அவளுக்குக் கீழதான் வேலை பாக்கணும். சரின்னா திங்கக்கிழமை வாங்க."

"சரி."

"வேற எதையும் எங்கிட்ட இப்பக் கேக்காதீங்க. என்னால முடியல."

தலையாட்டினேன். யாமினி எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் மதியம் ஹெப்சி வீட்டில்தான் சாப்பாடு. தன்யாவை மட்டும் அனுப்பினேன். திரும்பி வரும்போது டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தாள். "சித்தி குடுத்தாங்க. அப்பாவுக்காம்." அவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினார்.

ஏப்ரல் 16, வியாழன்

யாமினியிடம் வேலை பார்ப்பது கஷ்டமில்லை. தெளிவாகச் சொல்கிறாள். நான் விட்ட பிழையைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுகிறாள், மற்றவர் முன்னால் இல்லை. இதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடி வைத்தியம் ஆரம்பிக்கிறாள். குழுவில் எல்லோரிடமும் அவளே சொல்லிவிட்டாள். "நாள்ல பாதி நேரம் இருக்க மாட்டேன். பாத்துக்குங்க" என்றாள். பையன்கள் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலேயே ஒருவன் தட்டினான். அவள் இல்லாத நேரங்களை வைத்து மே வரை திட்டத்தை நான் மாற்றிப் போட்டேன். அவளுடைய சோதனைகளில் பாதியை என் பெயரில் போட்டுக்கொண்டேன். ஹெப்சி அதைப் பார்த்தாள், ஒன்றும் மாற்றவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. இன்று மதியம் முதல் ஊசிக்காக இருவரும் கிளம்பினார்கள். ஹெப்சி நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாமினியின் முதுகில் கை வைத்து நடத்திக்கொண்டு போனாள். அந்தக் கை ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் அதே பழைய எரிச்சல். கூடவே, அந்த ஊசி சரியாக இறங்க வேண்டும், இந்த முறை நிற்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. இருந்தது.

சோதனையை ஆரம்பித்தேன். திரையில் ஒரு கற்பனைக் கிழவர், அவருக்கு ஒரு நர்ஸ். நர்சுக்கு லீவு கொடுத்தேன். இரண்டாவது நர்ஸின் பெயர் சரியாக வந்தது. அடுத்த கிழவர்.

இருவரும் திரும்பி வந்தபோது மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். யாமினி மெதுவாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஹெப்சி என் மேஜையைக் கடந்து போனவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் திரையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை.

"ஆச்சு" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.